மாரியம்மன் பொங்கலுக்காக ஸ்தோத்திரம்

நம் எஸ்டேட் சர்ச்சுக்கு நினைவு மலர் போடுகிறீர்களாம். சந்தோஷம். அதில் நம் பழைய உபதேசியாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர, கூடப் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னைத்தான் பிடித்திருக்கிறீர்கள். "நீதானே அவருக்குச் செல்லப் பிள்ளை, நீதானே பரிசு வாங்கினவள்" என்று போனில் சிரிக்க வேறு செய்தீர்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் நல்மேய்ப்பர், ஜெபவீரர் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வராது. நமக்கெல்லாம் தலை நரைத்து, படி ஏறினால் முட்டி வலிக்கிற வயது வந்தாயிற்று. இனிமேலும் யாருக்குப் பயந்து பூசி மெழுகவேண்டும்?

தேயிலைக் கொழுந்து விலை விழுந்த அந்தக் காலத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. விலை விழுந்தது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மணம் நின்றபோதுதான் புரிந்தது. நாம் பிறந்ததிலிருந்து மூக்கிலேயே இருந்த மணம் அது. ஃபேக்டரி மாடியில் பச்சை இலையைப் பரப்பி வாட்டும்போது, மலைச்சரிவு முழுக்க இறங்கி லைன் வீடுகளுக்குள் வந்து, நம் துணியிலும் தலைமுடியிலும் உட்கார்ந்துகொள்ளுமே, அது. ஒருநாள் காலையில் சங்கு ஊதவில்லை. அடுத்த நாள் மணமும் இல்லை. வெறும் பனி வாசனைதான் வந்தது. பறிக்க ஆளில்லாத செடிகள் மார்பு உயரத்துக்கு வளர்ந்து பூத்து நின்றன. தேயிலைக்கு வெள்ளைப் பூ உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுவாள்.

அப்பா திருப்பூருக்கு பனியன் கம்பெனியில் வேலை தேடிப் போனார். அம்மா, நான், தம்பி மூன்று பேரும் லைனில் இருந்தோம். காலையில் களி, ராத்திரியும் களி. கோத்தகிரிப் பக்கம் கேரட் கழுவும் இடத்தில் ஒடிந்ததையும் வெடித்ததையும் ஒதுக்கிப் போடுவார்கள். அதைப் பொறுக்கிக்கொண்டு வருவாள் அம்மா. பச்சையாக, வேகவைத்து, களியோடு பிசைந்து என்று கேரட்டையே தின்று தம்பியின் உள்ளங்கை மஞ்சளாகிப் போனது. ஏழு வயதுப் பையன். மஞ்சள் கையை எல்லாருக்கும் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அந்த வருஷம்தான் நமக்குத் திடப்படுத்தல் வகுப்பு. அதை முடித்தால்தான் பெரியவர்களோடு போய் முழங்கால் போட்டு, திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கலாம். போதகரான ஐயர் டவுனிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் சபைக்கு எல்லாம். வகுப்பும் அவர்தான். சனிக்கிழமை சாயந்தரம் சர்ச்சின் பின்னறையில், கவாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்:

"பாவியான மனுஷன் கடவுளுக்கு முன்பாக எதினாலே நீதிமானாகிறான்?"

நாம் எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். தன் கிரியைகளினால் அல்ல, தன் புண்ணியத்தினால் அல்ல, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தினால் மாத்திரமே. அதுவும் கடவுளின் இலவசமான கிருபை. இதில் 'இலவசமான' என்ற சொல்லை விட்டுவிட்டால் உள்ளங்கையில் அடி விழும். மலர்க் கமிட்டிக்குத் தலைவராக இருக்கிறாயே, உனக்குத்தான் அதிகம் விழுந்தது, மறந்துவிட்டதா? எந்த நல்ல காரியமும் செய்யாமலே கடவுள் ஏற்றுக்கொள்வார் என்பதை நமக்கு அடித்து அடித்துச் சொல்லித்தந்தார் அந்த மனிதர். அப்போது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அடியே விழுந்ததில்லை. வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். ஒருநாள் அம்மா களி கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"அதென்ன கண்ணு, கிரியையினால இல்லங்கறது? அப்ப நாம ஒண்ணுமே பண்ண வேண்டியதில்லையா?"

"இல்லம்மா."

"சர்ச்சுக்குப் போறது, உபவாசம் இருக்கறது, காணிக்கை போடறது?"

"அதையெல்லாம் பார்த்துக் குடுக்கறதில்லையாம். நம்பினாப் போதுமாம்."

"சும்மாவே குடுத்தர்றாரா?"

"சும்மாவேதான்."

அம்மா களிக்கோலை நிறுத்தினாள். பிறகு, "பெரிய மனசுக்காரருதான் போ" என்று சிரித்தாள். அப்பா போனபிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டுக்கு ஒட்டுச்சுவர் வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தாள். சொந்தமில்லை, இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். நாங்கள் லைன் என்பதை அவள் லயம் என்பாள், டீயைத் தேத்தண்ணி என்பாள். அவளிடம் சர்க்கரை இருந்தால் எங்களுக்கும் வரும், எங்களிடம் மண்ணெண்ணெய் இருந்தால் அங்கே போகும். மாரியம்மன் நோம்பிக்கு அண்டா வைத்துப் பொங்கல் கிண்டுவது வருஷா வருஷம் அவள்தான். அந்த முறை வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று பிரித்து, யாரோ ஒரு கடைக்காரர் வெல்லம் கொடுத்து, எப்படியோ நோம்பி வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துப் பெரியம்மாவுக்குக் காய்ச்சல். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"புள்ள, கை நடுங்குது. அண்டாவக் கிண்ட எனக்கு ஏலாது. நீ கொஞ்சம் வந்து நில்லேன்."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். சுவரில் மாட்டியிருந்த சிலுவைப் படத்தை ஒரு தடவை பார்த்தாள். "வர்றனுங்க்கா" என்று கிளம்பிவிட்டாள்.

சாமி கும்பிடவில்லை, திருநீறு வைக்கவில்லை. துடுப்பைப் பிடித்து அடிபிடிக்காமல் கிண்டிக்கொடுத்தாள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது தூக்குப்போசி நிறையப் பொங்கல். வெல்லமும் விறகுப் புகையும் கலந்த அந்த வாசனை வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி பாயிலிருந்து எழுந்து வந்துவிட்டான். நான் திடப்படுத்தல் வகுப்புக்காரியல்லவா, கேட்டேன்.

"அம்மா, இது சாமிக்குப் படைச்சதாச்சே?"

"பசிக்குப் படைச்சது. தின்னு."

தின்றோம். தேங்காய்ப் பல் கடிபடக் கடிபடத் தின்றோம். தம்பி போசிக்குள் தலையை விட்டு நக்கினான். அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, சிறுபிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி. வழக்கம்போல் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, அந்த வாரம் கிடைத்த ஒரு நன்மைக்காக நன்றி சொல்லவேண்டும். அம்மா அப்பாவுக்காக ஸ்தோத்திரம், நல்ல சுகத்துக்காக ஸ்தோத்திரம் என்று எல்லாம் முணுமுணுத்து உட்கார்ந்தன. தம்பி எழுந்தான். மஞ்சள் கை இரண்டையும் கூப்பி, கண்ணை இறுக மூடி, சர்ச்சே கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"இயேசப்பா, மாரியம்மன் கோயில் பொங்கலுக்காக ஸ்தோத்திரம். முந்திரி இல்ல, பரவால்ல. ஆமென்."

பிள்ளைகள் எல்லாம் "ஆமென்" என்றன. பழக்கதோஷத்தில் உபதேசியாரும் "ஆமென்" சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய காது சிவந்ததை நான் பின்பெஞ்சிலிருந்து பார்த்தேன். இவ்வளவு உண்மையான ஜெபத்தை அந்தச் சர்ச்சில் அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அதற்குப் பரிசாகத்தான் அன்று சாயந்தரம் சபைக் கமிட்டிக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

உட்காரவில்லை. குடையை மடக்காமலே வாசலில் நின்றார்.

"விக்கிரகத்துக்குப் படைச்சத ஆக்குனது நீதானாம்மா?"

"கிண்டுனது நானுங்கய்யா."

"புள்ளைகளுக்கும் குடுத்தியா?"

"குடுத்தனுங்க. மிச்சமிருந்தா உங்களுக்கும் கொண்டாந்திருப்பனுங்க."

உபதேசியாருக்கு முகம் கடுத்துவிட்டது. தீர்ப்பைச் சொன்னார். அம்மா இனிமேல் பின்பெஞ்சில்தான் உட்காரவேண்டும். திருவிருந்து கிடையாது. என்றைக்கு சபை முன்னால் எழுந்து நின்று 'பாவம் செய்தேன், மன்னியுங்கள்' என்று சொல்கிறாளோ அன்றைக்குத்தான் மறுபடி பந்தியில் சேர்ப்பார்கள்.

"உம் பொண்ணு திடப்படுத்தலுக்கு இருக்கா. மொதல் திருவிருந்துக்குப் பக்கத்துல முழங்கால் போட ஆள் வேண்டாமா? புருஷனும் ஊர்ல இல்ல. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டா முடிஞ்சுது."

நம் சர்ச்சில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை முதன்முதலாக அப்பம் வாங்கும்போது பெற்றவர் ஒருவர் வெள்ளை உடுத்தி இடப்பக்கம் முழங்கால் போடவேண்டும். அம்மா அதற்காகவே தன் கல்யாண வெள்ளைச் சேலையைத் தகரப்பெட்டியில் ரசகற்பூர உருண்டை போட்டு வைத்திருந்தாள். நான் பிறந்ததிலிருந்து வைத்திருந்தாள். அதைத் தவிர அவள் தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சுவத்துக்கு அந்தப்பக்கம் அந்தக்கா காய்ச்சல்ல படுத்திருக்குதுங்க. அது குடுத்த சோறு பாவம்னு நான் சர்ச்சுல எந்திரிச்சுச் சொல்லிப்போட்டு, சாயந்தரம் அது மூஞ்சில எப்படிங்க முழிக்கறது?" பிறகு என்னைக் காட்டி, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "ஏனுங்கய்யா, நாம பண்றதப் பார்த்து இல்ல, சும்மாவே குடுக்கறாருன்னு என்ற புள்ள படிச்சுதுங்களே?"

உபதேசியார் சொன்னார்: "அது வேற, இது வேற."

நண்பர்களே, அவருடைய மொத்த வேதசாஸ்திரமும் அந்த நாலு வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அது. லைன் வீட்டு வாசலில் இது. மனந்திரும்ப வேண்டாமா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். எதிலிருந்து திரும்ப? பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டதிலிருந்தா? ஃபேக்டரியை மூடிவிட்டு, வேலை செய்த கூலியையும் கொடுக்காமல் ஊட்டியில் பங்களாவில் இருந்த முதலாளி கிறிஸ்துமஸுக்கு வந்தபோது முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாரே நம் உபதேசியார், அவரை எந்த வார்த்தை சொல்லச் சொன்னார்? முதல் பந்தியில் முதல் ஆளாக அவருக்குத்தான் அப்பம் போனது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஐயர் வந்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அவர் நல்ல மனிதர். எங்கள் வீட்டில் உட்கார்ந்து வறட்டுத் தேயிலைத் தண்ணீர் குடித்தார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா சபையோட சமாதானத்துக்காக ஒரு வார்த்தை சொல்லிடலாமே" என்றார். அவ்வளவுதான். புரிந்துகொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். புரியாதவர் மேலாவது நமக்குக் கோபம் குறையும்.

அன்று ராத்திரி நானும் அம்மாவைக் கெஞ்சினேன். சொல்லிடும்மா, எனக்காகச் சொல்லிடும்மா என்று அழுதேன். மறுநாள் அம்மா தகரப்பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை எடுத்து, கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி எனக்குத் தாவணியாக்கினாள். "இனி எனக்கெதுக்கு. உனக்காச்சும் ஆகட்டும்" என்றாள். ஓரம் தைக்கும்போது ஊசி விரலில் குத்தியது. துணியில் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

திடப்படுத்தல் அன்று மழை. தகரக்கூரையில் கொட்டிய சத்தத்தில் பாட்டுக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. பேராயர் வந்திருந்தார். வரிசையில் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். பாவியான மனுஷன் எதினாலே நீதிமானாகிறான்? ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். 'இலவசமான' என்பதை அழுத்திச் சொன்னேன். பேராயர் தலையை ஆட்டினார். உபதேசியார் சபையைத் திரும்பிப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். அந்தப் பதிலுக்குத்தான் எனக்குப் பரிசு கொடுத்தார்கள், கில்ட் ஓரம் போட்ட ஒரு வேதாகமம். அதே நேரத்தில் அம்மா பின்பெஞ்சில் சுவரை ஒட்டி, பழைய நூல் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் பக்கத்தில் எல்லாம் ஒரு அப்பாவோ அம்மாவோ வந்து முழங்கால் போட்டார்கள். என் இடப்பக்கம் காலி. சிவப்புப் பாயில் அந்த இடம் மட்டும் தெரிந்தது. ஐயர் அப்பத் தட்டோடு அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அப்போது பின்னாலிருந்து தபதபவென்று ஓடிவந்து ஒரு ஆள் என் பக்கத்தில் முழங்கால் போட்டது. தம்பி. மூச்சு வாங்கிக்கொண்டே மஞ்சள் கையை நீட்டினான், ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, நாம் பழகியது போலவே.

"அம்மாவுக்குப் பதிலா நான்" என்று என் காதில் சொன்னான். தான் சொன்ன ஸ்தோத்திரத்தால்தான் இதெல்லாம் வந்தது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏழு வயதில் அதைச் சரிசெய்ய வந்துவிட்டான்.

உபதேசியார் வந்து அவன் காதைப் பிடித்துத் தூக்கினார். தம்பி அழவில்லை. நீட்டிய கையை மட்டும் மடக்காமல் வைத்திருந்தான். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பேராயர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்தாள். நடுவழியில் நேராக நடந்து முன்னால் வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். உபதேசியார்கூடப் பிடியைத் தளர்த்தி, முகத்தை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொண்டார். அம்மா தம்பியின் காதிலிருந்து அவர் விரல்களை எடுத்துவிட்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து என் தாவணி மடிப்பைச் சரிசெய்துவிட்டு, "நீ வாங்கு கண்ணு. அது உனக்கு அவரு குடுக்கறது, இவங்க குடுக்கறதில்ல" என்றாள். வந்த வழியே திரும்பி நடந்து மழையில் இறங்கிப் போனாள்.

வெளியே பெரியம்மா குடையோடு நின்றிருந்ததாகத் தம்பி பிறகு சொன்னான்.

நான் வாங்கினேன். விழுங்க முடியவில்லை, அம்மா சொன்னதற்காக விழுங்கினேன். அந்தச் சர்ச்சில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தோம். அதை நம்பினவள் ஒருத்திதான் இருந்தாள். அவளைத்தான் வெளியே விட்டோம்.

அதற்குப் பிறகும் அம்மா ஞாயிறு தவறாமல் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவே இல்லை. சில வருஷம் கழித்து வந்த புது ஐயருக்கு விவரம் தெரியாது. "அந்தப் பின்னால இருக்கற அம்மா ஏன் வரலை? வாங்கம்மா" என்று அவர் பாட்டுக்குக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். விஷயம் தெரியாத ஒருவர் வந்ததால்தான் அது அவளுக்கு இலவசமாகக் கிடைத்தது. சபையின் மன்னிப்பு என்று இதை மலரில் எழுதிவிடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட உபதேசியாரின் கடைசி நாட்கள். ஓய்வு பெற்று, மனைவியும் போய், ஒருபக்கம் கைகால் விழுந்து சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அறையிலேயே கிடந்தார். ஆமாம், நமக்கு வகுப்பெடுத்த அதே அறை. மகன் சென்னையில். சபை அவ்வப்போது ஜெபித்தது. நான் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு, ஒரு லீவுக்கு வந்தபோது அம்மா தூக்குப்போசியோடு கிளம்புவதைப் பார்த்தேன். பொங்கல் வந்த அதே போசி. எங்கே என்று கேட்டேன். "உபதேசியாருக்குக் கஞ்சி" என்றாள். தினமும் போகிறாளாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சண்டை போட்டுக்கொண்டே அவள் பின்னால் போனேன். அறையில் நாற்றம். அம்மா அவரைச் சாய்த்து உட்காரவைத்து, வாயைத் துடைத்து, கரண்டியால் ஊட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. வாய் கோணியிருந்ததே ஒழிய, பேச்சு தெளிவாகத்தான் வந்தது. நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை. அவர் எங்கள் வாசலில் குடையை மடக்காமல் நின்று கேட்ட அதே ஒரே ஒரு வார்த்தை.

அவர் வாயைத் திறந்தார். "உப்புப் பத்தல" என்றார்.

நான் அம்மாவை வெளியே இழுத்தேன். "இந்தாளு உங்கிட்ட மன்னிப்புக் கேட்டாராம்மா? என்னைக்காச்சும்?"

"கேக்கல."

"அப்பறம் எதுக்கு நீ இத பண்ற? என்ன பண்ணிக் கிழிச்சாருன்னு இவருக்கு இது?"

அம்மா என்னை ஏதோ தெரியாதவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "ஏண்டி, நீதான அடுப்படியில உக்காந்து படிச்ச? கேட்டாத்தான், பண்ணுனாத்தான்னா, அது சும்மா குடுக்கறதா?" என்றாள். பிறகு, "அந்த ஜன்னல் மேல உப்பு டப்பா இருக்கும். எடுத்துட்டு வா" என்றாள்.

நான் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மாதான் போய் எடுத்து, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அவருக்கு ஊட்டினாள்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் தெரியும். ஆனால் அந்த உப்பை இன்றைக்குக் கேட்டாலும் நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.